மின்சாரம் நின்றால் மறையும் பிரதி: கணினி நினைவகமும் பதிப்புரிமைச் சட்டமும்

திருகோணமலை மத்திய வீதியில் உள்ள ஒரு கணினி திருத்தும் கடைக்கு, இயங்கிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது என்ற முறைப்பாட்டோடு ஒரு மடிக்கணினி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திருத்துநர் மின்விசையை அழுத்துகிறார். அடுத்த சில வினாடிகளில் வன்தட்டில் இருந்த விண்டோஸின் தேவையான பகுதிகள் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்துக்கு ஏறுகின்றன. அவர் பிழைப் பதிவைத் திறந்து, கோளாறு எங்கே என்று பார்த்து, மறுபடியும் அணைத்துவிடுகிறார். எதையும் பென் டிரைவில் எடுக்கவில்லை, எவருக்கும் விற்கவில்லை. இருந்தும், வேறொரு நிறுவனத்துக்குப் பதிப்புரிமை உள்ள ஒரு செய்நிரலை அந்த நிறுவனத்தைக் கேளாமல் அவர் பிரதி செய்துவிட்டார் என்று சட்டம் சொல்லக்கூடுமா?

சொல்லக்கூடும். அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் ஏறக்குறைய இதே நிலைமையில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. இலங்கையிலோ நீதிமன்றம் அவ்வளவு தூரம் வியாக்கியானம் செய்ய வேண்டிய தேவைகூட இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒரு படைப்பை மின்னணு வடிவில் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ சேமித்து வைப்பதையும் மீளுருவாக்கம் என்ற வரைவிலக்கணத்துக்குள் வெளிப்படையாகவே அடக்கியிருக்கிறது. மீளுருவாக்கம் செய்வதும் அதற்கு அனுமதி அளிப்பதும் 9ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கே உரிய பொருளாதார உரிமைகள். எனவே நினைவகத்தில் ஏறியது பிரதிதானா என்ற கேள்வி நமக்குச் சட்டத்தின் சொற்களிலேயே முடிந்துவிடுகிறது. எந்தத் தற்காலிகப் பிரதிக்கு மன்னிப்பு உண்டு, எதற்கு இல்லை என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. அதற்கு விடை தேடும்போது பலரும் முதலில் பிரதி எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அது தவறான அளவுகோலாகவே படுகிறது.

முதலில் தொழில்நுட்பத்தைச் சற்றே பார்த்துவிடுவது நல்லது. கணினியின் செயலி வன்தட்டிலிருந்து நேரடியாக எதையும் இயக்குவதில்லை. செய்நிரலோ பாடலோ பாடநூலோ, எதுவானாலும் முதலில் நினைவகத்துக்கு வர வேண்டும். இன்று பொதுவாகப் பயன்படும் நினைவகச் சில்லுகளில் ஒவ்வொரு துணுக்குத் தகவலும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னேற்றமாக நிற்கிறது. அந்த மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால் வழமையாக 64 மில்லிவினாடிக்குள் ஒரு தடவை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் புதுப்பிப்பும் நிற்கும். 2022இல் நாளின் பாதி நேரம் மின்வெட்டில் கழிந்த காலத்தில், சேமிக்காத ஒப்படையை இழந்த எந்த மாணவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இதை நீர்மேல் எழுத்து என்று முழுமையாகச் சொல்லிவிடவும் முடியாது. மின்சாரம் நின்ற பின்னும் சில வினாடிகளுக்கு உள்ளடக்கம் எஞ்சி நிற்கிறது என்பதையும், சில்லுகளைக் குளிரூட்டினால் அது நிமிடக்கணக்கில் நீள்கிறது என்பதையும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். நினைவகம் நிரம்பும்போது இயங்குதளம் அதன் ஒரு பகுதியை வன்தட்டுக்கே தள்ளிவிடுவதும் உண்டு. உலாவிகள் பார்த்த பக்கங்களை கேஷ் என்ற பெயரில் நாட்கணக்கில் வைத்திருக்கின்றன. ஆகவே தற்காலிகம் என்ற ஒரே பெயருக்குக் கீழே மில்லிவினாடியும் இருக்கிறது, மாதமும் இருக்கிறது.

இந்தத் தொழில்நுட்ப நுணுக்கத்தைச் சட்டம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? அச்சு நூல்களின் காலத்தில், வாசிப்பது பதிப்புரிமையின் எல்லைக்குள் இருந்ததே இல்லை. அச்சிடுவதும் விற்பதும் மேடையேற்றுவதும் உரிமையாளரின் கையில் இருந்தன. பொதுநூலகத்தில் இரவல் எடுத்துப் படிப்பவர் எவருடைய அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை. களவாக அச்சிட்ட நூலைப் படித்தவர்கூட, படித்ததனால் மட்டும் உரிமை மீறியவர் ஆவதில்லை. அச்சிட்டவரும் விற்றவருமே பொறுப்பாளிகள். அதே நூல் பிடிஎஃப் ஆனதும் நிலைமை புரண்டுவிடுகிறது. திறப்பது என்றாலே நினைவகத்தில் பிரதி உண்டாவது என்பதால், வாசிப்பும் பிரதி செய்தலும் ஒரே செயலாகிவிடுகின்றன. நினைவகப் பிரதியையும் பிரதியென ஏற்கும் சட்டம், அதுவரை பயன்பாட்டைத் தொடாதிருந்த ஒரு உரிமையைப் பயன்பாட்டின் ஒவ்வொரு அசைவுக்கும் நீட்டிவிடுகிறது. மின்பொறியியல் தற்செயலாகத் தந்த அதிகாரம் இது. சட்டவாக்குநர் எவரும் நின்று நிதானித்து எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது.

அமெரிக்க வழக்குக்கு வருவோம். எம்ஏஐ என்ற நிறுவனம் கணினிகளையும் அவற்றுக்கான இயங்குதளத்தையும் விற்றது. பீக் என்ற நிறுவனம் அதே கணினிகளைப் பராமரித்துக் கொடுத்தது. எம்ஏஐயும் பராமரிப்புத் தொழிலில் இருந்ததால், பீக் அதன் போட்டியாளர். பீக்கின் ஊழியர் வாடிக்கையாளரின் இடத்துக்குப் போய்க் கணினியை இயக்கிப் பிழைப் பதிவைப் பார்த்தார். பார்க்கும் அளவுக்கு நின்றிருக்கிறது என்பதே, அந்தப் பிரதி போதிய அளவு நிலையானது என்பதற்குச் சான்று என்றது நீதிமன்றம். அமெரிக்கச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, செய்நிரலைப் பயன்படுத்துவதற்குத் தேவையான பிரதியை அந்தச் செய்நிரற் பிரதியின் உரிமையாளர் எடுப்பதற்கு ஏற்கெனவே இடம் கொடுத்திருந்தது. ஆனால் எம்ஏஐயின் வாடிக்கையாளர்கள் உரிமம் பெற்றவர்களேயன்றிப் பிரதியின் உரிமையாளர்கள் அல்லர் என்று கூறி அந்த வாசலையும் நீதிமன்றம் அடைத்தது. விளைவு என்னவென்றால், பதிப்புரிமை என்ற பெயரில் ஒரு நிறுவனம் தன் கணினிகளைத் திருத்தும் தொழிலிலிருந்து மற்றவர்களை ஒதுக்கிவைக்க முடிந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 1998இல் தலையிட்டு, பராமரிப்புக்காகவோ திருத்துவதற்காகவோ கணினியை இயக்குவதால் மட்டும் உண்டாகும் பிரதி, வேலை முடிந்ததும் அழிக்கப்பட்டு வேறெதற்கும் பயன்படுத்தப்படாதவரை உரிமை மீறல் ஆகாது என்று 117ஆம் பிரிவில் சேர்த்தது. தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் திருத்துநர்கள் மூச்சுவிட முடிந்தது.

இதற்கிடையில் 1996 டிசம்பரில் உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தின் மாநாடு ஜெனீவாவில் கூடியது. தற்காலிகப் பிரதியும் மீளுருவாக்கமே என்று உலகம் முழுவதற்கும் ஒரே விதியாக எழுதிவிடும் உறுப்புரை ஒன்று வரைவில் இருந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் வளர்முக நாடுகள் பலவும் எதிர்த்தன. கடைசியில் உறுப்புரை கைவிடப்பட்டு, டிஜிட்டல் வடிவில் மின்னணு ஊடகத்தில் சேமிப்பது, பதிப்புரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கையான பேர்ன் சமவாயத்தின் பொருளில் மீளுருவாக்கமே என்ற ஓர் இணக்கக் குறிப்பு மட்டும் எஞ்சியது. சேமிப்பது என்றால் எவ்வளவு நேரம் என்பதைக் குறிப்பு சொல்லவில்லை. ஒவ்வொரு நாடும் தன் வழியில் போனதற்கு இந்த மௌனமே காரணம்.

நேரத்தை அளந்து பார்த்த தீர்ப்பு 2008இல் வந்தது. நியூயோர்க்கில் கேபிள்விஷன் என்ற நிறுவனம், வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய நிகழ்ச்சியைத் தொலைவிலுள்ள கணினியில் பதிந்து பார்க்க வழிசெய்தது. அதற்காக வரும் ஒளிபரப்பு முழுவதும் தரவைக் கணநேரம் தாங்கி அனுப்பும் ஒரு இடைத்தாங்கியினூடாக (பஃபர்) ஓடியது. எந்தத் துணுக்கும் 1.2 வினாடிக்கு மேல் அங்கே நிற்கவில்லை. அவ்வளவு குறுகிய காலம் நிற்பது சட்டம் கேட்கும் நிலைபேறு ஆகாது என்று இரண்டாவது வட்டார நீதிமன்றம் கூறியது. தீர்ப்பின் முடிவோடு எனக்கு முரண்பாடு இல்லை, காரணத்தோடுதான் முரண்பாடு. 1.2 வினாடி குற்றமில்லை, பிழைப் பதிவைப் பார்க்கும் சில நிமிடங்கள் குற்றம் என்றால், இடையில் எந்த வினாடியில் கோடு விழுகிறது? மெதுவான பழைய கணினி வைத்திருப்பவர், வேகமான கணினி வைத்திருப்பவரைவிட அதிகமாகச் சட்டத்தை மீறுகிறாரா? நேரம் என்பது கருவியின் திறனைப் பொறுத்தது. உரிமையாளருக்கு நேர்ந்த இழப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு பாதையைப் பிடித்தது. அதன் 2001ஆம் ஆண்டுப் பணிப்புரை, தற்காலிகப் பிரதியும் பிரதியே என்று 2ஆம் உறுப்புரையில் முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, 5ஆம் உறுப்புரையில் கட்டாயமான ஒரு விலக்கை வைத்தது. பிரதி நிலையற்றதாகவோ இடைநிகழ்வாகவோ இருக்க வேண்டும். ஒரு தொழில்நுட்பச் செயன்முறையின் பிரிக்க முடியாத, இன்றியமையாத பகுதியாக இருக்க வேண்டும். அதன் ஒரே நோக்கம் வலையமைப்பில் இடையாளர் ஒருவரூடாகக் கடத்துவதாகவோ சட்டப்படியான பயன்பாட்டுக்கு வழிவிடுவதாகவோ இருக்க வேண்டும். அதற்கெனத் தனியான பொருளாதார முக்கியத்துவம் இருக்கக் கூடாது. கடைசி இரண்டு நிபந்தனைகளும் நேரத்தைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பிரதி எதற்குச் சேவை செய்கிறது, அதிலிருந்து தனியாகச் சம்பாதிக்க முடியுமா என்றே அவை கேட்கின்றன.

அந்த உறுப்புரையின் கீழ் வந்த வழக்குகளில்தான் இந்த விடயம் உண்மையில் தெளிவு பெறுகிறது. டென்மார்க்கின் இன்ஃபோபாக் நிறுவனம் செய்தித்தாள்களை வருடி எழுத்தாக மாற்றி, வாடிக்கையாளர் தந்த சொல்லையும் அதற்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து சொற்களையும், ஆக 11 சொற்களை, அச்சிட்டுக் கொடுத்தது. இடையில் உண்டான கோப்புகள் தாமாகவே அழிந்தன. ஆனால் இறுதியில் தாளில் அச்சான 11 சொற்கள் ஒரு மனிதர் தூக்கியெறியும்வரை இருக்கும் என்பதால், அந்தக் கடைசிப் படி விலக்குக்குள் வராது என்று 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. மறைவது இயந்திரத்தின் தன்செயலா, மனிதரின் விருப்பமா என்பதே இங்கே கோடு. 2011இல் போர்ட்ஸ்மத் நகர மதுச்சாலை உரிமையாளர் ஒருவரின் வழக்கு வந்தது. அவர் கிரேக்க நாட்டுச் செய்மதித் தொலைக்காட்சிப் பெட்டிக்கான அட்டையைக் கொண்டு ஆங்கிலேயக் கால்பந்தாட்டங்களைக் காட்டினார். பெட்டியின் நினைவகத்திலும் திரையிலும் கணப்பொழுது தோன்றிய பிரதிகள் மன்னிக்கப்பட்டன. வாடிக்கையாளர் கூட்டத்துக்குக் காட்டியது மட்டும் பொதுமக்களுக்குத் தொடர்பாடல் என்ற வேறொரு உரிமையின் கீழ் கேள்விக்குள்ளானது. நினைவகப் பிரதியைப் பிடித்துத் தொங்காமல், உண்மையில் நடந்த சுரண்டலை அதற்குரிய பெயரால் அழைத்த தீர்ப்பு அது.

2014இல் வந்த மெல்ட்வாட்டர் வழக்கு சாதாரண வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. இணையப் பக்கத்தைப் பார்க்கும்போது திரையிலும் கேஷிலும் உண்டாகும் பிரதிகளுக்கு உரிமம் வேண்டுமா என்று பிரித்தானிய உயர் நீதிமன்றம் கேட்டது; வேண்டாம் என்று லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் பதிலளித்தது. கேஷில் பிரதி சில நாள் தங்கினாலும் பரவாயில்லை, பார்ப்பதற்குத் துணைபோவதைத் தவிர அதற்கு வேறு வாழ்வு இல்லை என்பதே அதன் சாரம். மூன்றே ஆண்டில், 2017இல், அதே நீதிமன்றம் எதிர்ப்பக்கமும் காட்டியது. நெதர்லாந்தில் விற்பனையான, தொலைக்காட்சியோடு இணைக்கும் ஒரு பெட்டி, உரிமையாளரின் அனுமதியின்றித் திரைப்படங்களை ஓடவிடும் தளங்களுக்கு நேராக இணைப்புக் கொடுத்தது. ஓடும் படத்தின் துண்டுகள் பெட்டியின் நினைவகத்தில் சில கணங்களே நின்றன. மெல்ட்வாட்டர் வழக்கின் கேஷ் பிரதிகளோடு ஒப்பிட்டால் அது மிகக் குறுகிய காலம். இருந்தும், மூலம் சட்டவிரோதமானது, வாங்குவோர் அதை அறிந்தே வாங்கினர் என்பதால் விலக்கு மறுக்கப்பட்டது. நாட்கணக்கில் தங்கிய பிரதி தப்பியது, சில கணங்களே தங்கியது அகப்பட்டது. இதற்குப் பிறகும் நேரத்தை அளவுகோலாகப் பிடித்திருப்பதற்கு நியாயம் குறைவு.

அவுஸ்திரேலியாவில் பிளேஸ்டேஷன் விளையாட்டுகள் நினைவகத்தில் ஏறுவது அன்றைய சட்டத்தின்படி பிரதி ஆகாது என்று 2005இல் உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் அமெரிக்காவுடனான வர்த்தக உடன்படிக்கையின் பொருட்டு வரைவிலக்கணம் அதற்கு முன்னரே விரிவாக்கப்பட்டிருந்தது. இந்தியா 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில், மின்னணுக் கடத்தலின் தொழில்நுட்பச் செயன்முறையில் நிலையற்றதாகவோ இடைநிகழ்வாகவோ நேரும் சேமிப்பை 52ஆம் பிரிவில் விலக்கிவிட்டது.

இலங்கையில் இந்தக் கேள்விக்கு விடை தேடும் ஒரு சட்டத்தரணி முதலில் புரட்ட வேண்டியது 11ஆம் பிரிவை. உரிமையாளரின் அனுமதியின்றியே சில பயன்பாடுகளுக்கு இடமளிக்கும் நியாயமான பயன்பாடு என்ற கோட்பாட்டை அதில் நமது சட்டம் ஏறக்குறைய அமெரிக்கச் சட்டத்தின் வடிவத்திலேயே ஏற்றிருக்கிறது. பயன்பாட்டின் நோக்கமும் தன்மையும், படைப்பின் இயல்பு, எடுக்கப்பட்ட அளவு, படைப்பின் சந்தைக்கு நேரும் விளைவு என்ற நான்கையும் நீதிமன்றம் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கில் எதுவும் வினாடியைக் கேட்கவில்லை என்பது நமக்கு அனுகூலமானது. அடுத்து 12ஆம் பிரிவு. வெளியிடப்பட்ட படைப்பொன்றை ஒருவர் முற்றிலும் தம் சொந்தத் தேவைக்காக, சட்டப்படியான பிரதியிலிருந்து, ஒரு பிரதி எடுக்க அது இடமளிக்கிறது. கணினிச் செய்நிரலைப் பொறுத்தவரை, அதைப் பெற்ற நோக்கத்துக்கு ஏற்பப் பயன்படுத்துவதற்கும் காப்புப் பிரதி வைத்திருப்பதற்கும் அந்தப் பிரதியின் சட்டப்படியான உரிமையாளருக்குத் தனியான ஏற்பாடு இருக்கிறது. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இந்தச் சட்டமும் வழமைபோலச் சொல்லி முடிவதால், நுணுக்கமான வாதம் வரும்போது தமிழ் உரையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

உப்புவெளியில் இருக்கும் ஒரு மாணவி, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து தமிழ்ப் பாடநூலைக் கைப்பேசியில் திறக்கிறாள் என்றால், வழியிலுள்ள வழங்கிகளிலும் அவளது கைப்பேசியின் நினைவகத்திலும் பல பிரதிகள் உண்டாகின்றன. உரிமையாளரே படிப்பதற்காக வைத்த நூல் என்பதால் படிப்பதற்கு இன்றியமையாத ஒவ்வொரு பிரதிக்கும் சம்மதம் அதிலேயே அடங்கியிருக்கிறது. எந்த விலக்கும் தேவைப்படாத இடம் இது. அதே மாணவி ஒரு தனியார் வெளியீட்டாளரின் வழிகாட்டி நூலை எவரோ முழுமையாக வருடி வட்ஸ்அப் குழுவில் போட்டதைத் திறந்தால், சம்மதமும் இல்லை, சட்டப்படியான பிரதியிலிருந்து எடுத்ததாகவும் இல்லை. அதிலும் வட்ஸ்அப் கோப்பைக் கைப்பேசியிலேயே இறக்கி வைத்துவிடுவதால், தற்காலிகம் என்ற வாதமே அங்கே எழாது. ஒரு மாணவியின் மீது எவரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே கோப்பைத் தன் வகுப்பில் நூறு பேருக்குப் புரொஜெக்டரில் காட்டிக் கட்டணம் வாங்கும் தனியார் கல்வி நிலையம், 11ஆம் பிரிவு கற்பித்தலைக் குறிப்பிடுகிறது என்று மட்டும் சொல்லித் தப்பிவிட முடியாது. வெளியீட்டாளரின் சந்தை அந்த நூறு பேர்தான்.

திருட்டுப் பிரதியாக ஏற்றிய இயங்குதளத்தில் தொழில் நடத்தும் கடைகளின் நிலைமை இன்னும் தெளிவானது. ஒவ்வொரு நாள் காலையிலும் கணினியை இயக்கும்போது புதிதாக ஒரு பிரதி உண்டாகிறது என்ற நுட்பமான வாதம் அங்கே தேவையே இல்லை. உரிமை மீறிய செய்நிரல் என்று தெரிந்தும் வணிக இலாபத்துக்காக அதை வேண்டுமென்றே பயன்படுத்துவதைச் சட்டத்தின் 178ஆம் பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. தண்டம் 5 இலட்சம் ரூபாய் வரையிலும் சிறை 6 மாதம் வரையிலும் போகலாம். பயன்பாட்டைத் தடுக்க வேண்டும் என்றால் அதை இப்படி நேராக எழுதலாம். நினைவகப் பிரதி என்ற சுற்றுவழி வேண்டியதில்லை என்பதற்கு நமது சட்டத்திலேயே சான்று இருக்கிறது.

இனி மத்திய வீதித் திருத்துநர். 12ஆம் பிரிவின் செய்நிரல் ஏற்பாடு பிரதியின் சட்டப்படியான உரிமையாளர் என்றே பேசுவதால், எம்ஏஐ வழக்கில் பீக் விழுந்த அதே குழி இங்கும் திறந்தே இருக்கிறது. மடிக்கணினியோடு வந்த விண்டோஸ் உரிமத்தின் அடிப்படையில் தரப்பட்டது, விற்கப்படவில்லை என்றே அதன் ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே அவர் 11ஆம் பிரிவையே நம்ப வேண்டும், அது அவரைக் காக்கும் என்றே நான் கருதுகிறேன். செய்நிரல் முழுவதையும் பயன்படுத்தினார் என்ற ஓர் அளவுகோல் அவருக்கு எதிராகத் திரும்பினாலும், நோக்கம் திருத்துவது, உரிமம் ஏற்கெனவே வாடிக்கையாளர் வாங்கியது, சந்தையில் ஒரு பிரதியும் குறையவில்லை. ஆனால் காக்கும் என்று வாதிடுவது வேறு, அமெரிக்கச் சட்டத்தின் 1998ஆம் ஆண்டு வாசகத்தைப்போல் கையில் எழுத்தாக வைத்திருப்பது வேறு. பாராளுமன்றம் அடுத்த தடவை இந்தச் சட்டத்தைத் தொடும்போது அந்த ஒரு வாசகத்தைச் சேர்ப்பது பெரிய காரியமன்று. நீதிமன்றம் வழியாக அந்தத் தெளிவு வரும் என்று காத்திருப்பதில் பயன் குறைவு. இவ்வகைக் குடியியல் வழக்குகள் போவது கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்கு. சுமார் 260 கிலோமீற்றர் தாண்டிப் போய் ஒரு சிறு கடைக்காரர் வழக்காடுவதைவிடக் கேட்டதைக் கொடுத்துச் சமாதானமாகிவிடுவதே நடக்கும்.

இந்தப் பாதுகாப்பு அனைத்தும் இயக்குவதால் தானாக உண்டாகித் தானாக மறையும் பிரதிக்கு மட்டுமே உரியது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்காகப் படங்களைத் தரவிறக்கிய ஓர் அமைப்பின் வழக்கில், அழிப்பதற்கும் நிரலில் ஏற்பாடு செய்திருந்தோம் என்ற வாதத்தை ஹம்பர்க் நீதிமன்றம் 2024இல் ஏற்கவில்லை. தரவிறக்கியதும் அழித்ததும் தீர்மானித்துச் செய்த செயல்களே என்று கூறி, ஆய்வுக்கான வேறொரு விலக்கின் கீழ்தான் அது அந்த அமைப்பை விடுவித்தது. திருத்தும் கடைகளில் இதற்கு நேர்நிகரான ஒரு பழக்கம் உண்டு. பழுதான வன்தட்டை மாற்றுவதற்கு முன் அதன் முழு உள்ளடக்கத்தையும் கடையின் வெளி வன்தட்டில் படிமமாக எடுத்து வைப்பார்கள். வேலை நடக்கும்வரை அதற்கு நியாயம் இருக்கிறது. மடிக்கணினி வீட்டுக்குப் போன பின்னும் அந்தப் படிமம் கடையில் கிடந்தால், அதிலுள்ள விலையுயர்ந்த வடிவமைப்புச் செய்நிரலை அடுத்த வாடிக்கையாளருக்கு ஏற்றிக்கொடுக்க அது உதவுமேயானால், அது வன்தட்டில் அமர்ந்திருக்கும் சாதாரணத் திருட்டுப் பிரதிதான். அதற்கு மேலே சொன்ன எந்தத் தீர்ப்பும் துணைக்கு வராது. வாடிக்கையாளரிடம் கணினியைக் கையளிக்கும் அன்றே அதை அழித்து, அழித்ததாகப் பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுப்பதே கடைக்காரருக்குப் பாதுகாப்பு.